மண்டைக்குக் காந்தம், வாய்க்குக் கேசரி

எனக்கு வாய் போனது நான் வேலை பார்த்த ரேஷன் கடைக்குள். கைரேகை மெஷினில் ரேகை பதியவில்லை என்று ஒரு ஆள் என்னிடம் எகிறிக்கொண்டிருந்தான். நான் சும்மா விடுவேனா? "வெரல தொடச்சிட்டு வைய்யா. பீடி சாம்பலோட வெச்சா மெஷினு இன்னா பண்ணும்?" என்று ஆரம்பித்தேன். பாதியில் நாக்கு தடித்துவிட்டது. அடுத்த சொல் தொண்டை வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. "இன்னாக்கா, ஏன் கொழற்ற?" என்று அவன் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. கையிலிருந்த சர்க்கரைக் கரண்டி நழுவியது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே அரிசி மூட்டைமேல் சாய்ந்துவிட்டேன்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்து, பயிற்சி செய்து, கால் திரும்பி வந்தது. வலது கையில் விரல்கள் மட்டும் கொஞ்சம் அசைந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. புத்தியில் ஒரு குறையும் இல்லை. யார் என்ன பேசினாலும் புரிந்தது, என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் ஒரே ஒரு சொல்தான் வந்தது: "கருமம்." தண்ணீர் கேட்டாலும் கருமம். சாமி கும்பிட்டாலும் கருமம். பெற்ற மகளைக் கூப்பிட்டாலும் கருமம். பேச்சு போனவர்கள் பலருக்கு வசவு மட்டும் மிஞ்சுமாம், அது மூளையில் வேறு இடத்திலிருந்து வருகிறதாம். டாக்டர் பிறகு சொன்னார். ஊரையே வாயால் கட்டி மேய்த்தவளுக்குப் போயும் போயும் அதுவா மிஞ்ச வேண்டும்?

அந்த மாதங்களில் மனிதர்கள்மேல் எனக்கு வந்த அருவருப்பு இன்றுவரைக்கும் போகவில்லை. போகட்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை.

பார்க்க வந்தவர்களைச் சொல்கிறேன். ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாழைப்பழமுமாக வருவார்கள். என் கட்டிலில், என் காலை நகர்த்திவிட்டு உட்கார்வார்கள். ஒருத்தி, வாதம் வந்து செத்துப்போன தன் சொந்தக்காரர்களை எல்லாம் என் முன்னாலேயே ஒவ்வொருவராகச் சொன்னாள். "எங்க சின்ன மாமனாரும் இப்டித்தான் படுத்தாரு. ஒரு வருசம் தாங்கல" என்று சொல்லிவிட்டு, தான் கொண்டுவந்த பழத்திலேயே ஒன்றை உரித்துத் தின்றாள். இன்னொருத்தி எனக்குக் காது போய்விட்டது என்று நினைத்து, முகத்துக்கு நேரே எச்சில் தெறிக்கக் கத்தினாள். மூன்றாவதாக வந்தவர், என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மூத்திரம் போறதாவது தெரியுதா அதுக்கு?" என்று கேட்டார். அதுக்கு! நான் என்ன, தொழுவத்தில் கட்டிய மாடா? என் வீட்டுக்காரரும் "தெரியுது தெரியுது" என்று பதில் சொன்னார் பாருங்கள், அதுதான் இன்னும் மோசம்.

பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தி வந்து செல்போனை நீட்டி, "யக்கா, ஒரே ஒரு வாட்டி சொல்லுக்கா, கேப்போம்" என்றாள். ஆத்திரத்தில் எனக்கு வாயில் வந்தது அதே சொல். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ குரூப் குரூப்பாகப் போய், கடைசியில் என் மகள் போனுக்கே வந்து சேர்ந்தது. அவள் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பெண் மறுநாளும் தயங்காமல் வந்து மோர் கேட்டாள்.

என் மகள் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். வீட்டில் எனக்கு நேர்மாறு, வாயே திறக்க மாட்டாள். அவள்தான் போனில் எதையெதையோ தேடிப் படித்துவிட்டு, பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் மூளைக்குக் காந்தம் வைத்து வைத்தியம் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். நானும் அவளும் என் வீட்டுக்காரரும் போனோம். டாக்டர் என்னைப் பார்த்துப் பேசினார், என் தலைக்கு மேல் பேசவில்லை. அதற்காகவே அவர் காலில் விழலாம் போலிருந்தது.

"உங்க மூளைல இடது பக்கம் அடிபட்டிருக்கும்மா. அது பேசப் பாக்குது. ஆனா வலது பக்கம் தேவைக்கு மேல குறுக்க வருது. அத காந்தத்தால கொஞ்சம் அடக்கிப் பாக்கலாம். கூடவே பேச்சுப் பயிற்சியும் குடுப்போம். எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல மாட்டேன், இன்னும் ஆராய்ச்சி நடந்துட்டுதான் இருக்கு. ஆனா ஆரம்பிச்சா நடுவுல விடாதீங்க. ஞாயிறு தவிர தினம் வரணும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ரேஷன் கடைக் கியூவில் முன்னால் நின்று கத்துகிறவனைக் கொஞ்சம் ஒதுக்கினால், பின்னால் நிற்கிற கிழவி தன் கார்டை நீட்டுவாள். அவ்வளவுதான் விஷயம். என் வீட்டுக்காரர் மட்டும், "கரண்ட் ஷாக்குங்களா சார்?" என்று கேட்டார்.

"ஷாக் இல்லைங்க. மயக்க மருந்தும் இல்ல. உக்காந்துட்டே இருப்பாங்க" என்றார் டாக்டர். முன்பு வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் கிளிப், கம்பி ஏதாவது வைத்திருக்கிறதா, நெஞ்சில் மெஷின் உண்டா என்று எல்லாம் கேட்டார். ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் நாத்தனார் வந்து இறங்கினார். வீட்டுக்காரருக்கு மூத்தவர். அவர் கிழக்கே காட்டினால் என் வீட்டுக்காரர் கிழக்கே போவார், மேற்கே காட்டினால் மேற்கே போவார். மார்க்கெட் கமிட்டியில் ஊர் மூட்டைக்கெல்லாம் எடை போடுகிற மனிதருக்கு அக்கா சொல்லை மட்டும் எடை போடத் தெரியாது. நாத்தனார் கையில் ஒரு ஒயர் கூடை. கூடைக்குள் இரண்டு புறாக்கள்.

"வாதத்துக்குப் பொறா ரத்தம் தேச்சா நரம்பு அவுந்துக்கும். நான் எத்தினி பேர பாத்துருக்கேன்" என்றார்.

மகள் பக்கத்து ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் தலையை ஆட்டினேன், கத்தினேன், கருமம் கருமம் என்று என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். "பாவம், பயப்படுது" என்றார் நாத்தனார். என் நல்ல கையை, இடது கையை, என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். அதை மறக்க மாட்டேன். அறுத்த கழுத்திலிருந்து சூடாக என் வலது தோளில் விட்டுத் தேய்த்தார்கள். முழங்கை வரைக்கும் பிசுபிசு என்று இறங்கியது. இறகு ஒன்று ஒட்டிக்கொண்டது. பச்சை ரத்த நாற்றம் மூக்கில் ஏறிக் குமட்டியது. அதோடு விட்டார்களா? "அடப்பு மண்டையிலதான? அங்கயும் வைடா" என்று தலை நடுவிலும் ஊற்றி, மயிருக்குள் விரலைவிட்டு அரக்கித் தேய்த்தார்கள். காதோரம் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, அதே கையோடு எனக்கு ஒரு வாய் மோரும் கொடுத்தார் நாத்தனார். நான் வாந்தி எடுத்தேன். "பாத்தியா, உள்ள இருக்கறது வெளிய வருது" என்றார்.

மகள் வந்து பார்த்துவிட்டு, "அய்யோ, இன்னா அத்த இது!" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தலைக்கு ஊத்தாத. ஊத்தினா பலிக்காது" என்று உத்தரவு போட்டார் அத்தை. தன் அப்பா பக்கம் திரும்பினாள் மகள். அவர் தரையைப் பார்த்தார். அவள் ஒரு துண்டை எடுத்து என் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை திருவண்ணாமலையிலிருந்து வரும் பாண்டி பஸ்ஸில் ஏறினோம். எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார், பிறகு எழுந்து வேறு இடத்துக்குப் போனார். திண்டிவனம் தாண்டுவதற்குள் எங்களைச் சுற்றி நாலு சீட் காலி. கூட்டமான பஸ்ஸில் அப்படி வசதியாக நான் போனதே இல்லை.

ஆஸ்பத்திரியில் அந்த மெஷினைப் பார்க்கும் பெண் துண்டை அவிழ்த்து, எங்கே காந்தம் வைப்பது என்று குறிக்க மயிரை விலக்கினாள். விலக்கியவள் பயந்துபோனாள். காய்ந்த ரத்தம். "கீழ விழுந்துட்டாங்களா? எப்ப? தலைல எங்க அடி?" என்று கேட்டுக்கொண்டே டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் வந்து கையுறை போட்டுக்கொண்டு என் மண்டை முழுவதும் தடவிக் காயத்தைத் தேடினார். காயம் இருந்தால்தானே கிடைக்கும்? மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பொறா சார்" என்றாள்.

"என்னது?"

"பொறா ரத்தம் சார். எங்க அத்த..."

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார். "நாளைக்குத் தலைக்குக் குளிச்சுட்டு வாங்க" என்றார். எனக்கு அங்கேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. செய்தவர்கள் செஞ்சியில் ஹாயாக உட்கார்ந்திருக்க, அசிங்கம் எனக்கு, ஒரு நாளும் வீண். அன்று வீட்டுக்கு வந்ததும் மகள் சீயக்காய், ஷாம்பு எல்லாம் போட்டு, தண்ணீர் தெளிந்து ஓடுகிற வரைக்கும் என் தலையைக் கசக்கினாள்.

மறுநாள் ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் வீட்டு நாற்காலி போல ஒன்று. கம்மல், மூக்குத்தி, மயிரில் இருந்த ஊசி எல்லாம் கழற்றச் சொன்னார்கள். காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்தார்கள். எட்டு போல வளைந்த, கைப்பிடி வைத்த ஒரு சாதனத்தை என் தலையின் வலது பக்கம் வைத்தாள் அந்தப் பெண். முதலில் எவ்வளவு பலம் தேவை என்று பார்க்க ஒரு தட்டு தட்டினாள். என் இடது கைக் கட்டைவிரல் நான் கேட்காமலே துள்ளியது. சட்டென்று விரலை மடக்கிக்கொண்டேன். என் விரல், என் கை, யாரோ மண்டையில் சுண்டினால் ஆடுகிறதே என்று. "பயப்படாதீங்க, அளவு பாக்குறேன்" என்றாள். பிறகு இடத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்து, டக், டக், டக் என்று நிதானமாக அடிக்க ஆரம்பித்தது. யாரோ ஒரு வாண்டு பின்னால் நின்று விடாமல் மண்டையில் சுண்டுகிற மாதிரி. வலி என்று சொல்ல முடியாது, எரிச்சல். முடிந்ததும் அடுத்த அறையில் பேச்சுப் பயிற்சி.

அங்கே இருந்த பயிற்சிக்காரி கெட்டிக்காரி. நான் என்ன வேலை பார்த்தேன் என்று மகளிடம் கேட்டுக்கொண்டு, பூனை, நாய், பந்து படங்களை எல்லாம் தூக்கி வைத்துவிட்டு, அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு படங்களை நீட்டினாள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மகள் அதையே போனில் காட்டிக்கொண்டு வருவாள். நான் கருமம், கருமம் என்பேன். கண்டக்டர் முதலில் முறைத்தார், பிறகு பழகிவிட்டார்.

வாரங்கள் போயின. எனக்கு நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு நாள் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு பஸ் வந்தபோது மகள் ஒரு படத்தைக் காட்டினாள். என் வாய் தானாகத் திறந்து, "பாமாயில்" என்றது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "இன்னாம்மா சொன்ன?" என்று மகள் கத்தினாள். "பாமாயில். பாமாயில்." அவள் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "பொண்ணு பேரு வரல, என் பேரு வரல, பாமாயிலா வந்துச்சு?" என்றார். வந்ததே பெரிது என்று சந்தோஷப்படத் தெரியாத ஜென்மம். ஆனாலும் அன்றைக்கு அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அடுத்தடுத்து சர்க்கரை வந்தது, தண்ணி வந்தது, ஒரு நாள் அரைகுறையாக "போ" கூட வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "நல்லா வருது. இன்னும் கொஞ்ச நாள்தான், விட்டுடாதீங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நாத்தனார் மகளுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். வல்லம் பக்கம் ஒரு ஊர். பையன் சென்னையில் கம்பெனி வேலை. பெண் பார்க்க வந்தபோது என்னைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். பையனுடைய அம்மா விடவில்லை, "பொண்ணோட தாய பாக்கணும்ல" என்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். வந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வலது கையைத் தூக்கிப் பிடித்து, பட்டென்று விட்டாள். அது பொத்தென்று மடியில் விழுந்தது. சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பவன்கூட அதன் கழுத்தை ஒரு தடவு தடவுவான். கூடத்தில் பையன் என் மகளிடம், "இது பரம்பரையா வருமா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

அவர்களுக்குப் பெண் பிடித்துவிட்டது. ஆனால் நான் தினமும் மண்டைக்குக் கரண்ட் வைத்துக்கொள்ள பாண்டிக்குப் போகிறேன் என்று அவர்கள் காதுக்கு யாரோ எட்டவிட்டிருந்தார்கள். நாத்தனார் அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டார். "மண்டையில கரண்ட் வெக்கறாங்கன்னா பைத்தியம்னுதான நெனப்பான்? எவன் பொண்ணு எடுப்பான்? நிறுத்துங்க அத."

"கரண்ட் இல்ல அத்த, காந்தம்" என்றாள் மகள்.

"ஏதோ ஒண்ணு. இனிமே இவ பேசி இன்னா ஆவப்போவுது? பேசின வரைக்கும் போறாதா?"

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கொஞ்ச நாளு நிறுத்தி வெப்போம்மே. கல்யாணம் முடிஞ்சதும் மறுபடி போவலாம்" என்றார். நடுவில் விடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை இவரும்தானே கூட உட்கார்ந்து கேட்டார்? வந்துகொண்டிருக்கும் சொல்லைப் பாதி வழியில் திருப்பி அனுப்பச் சொல்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என்னிடம் இருந்த நாலு சொல்லும் போதவில்லை. மகள் சனிக்கிழமை வரைக்கும் பிடிவாதமாக என்னை அழைத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை நான் பஸ் ஏறுவேனா மாட்டேனா என்பது அங்கேதான் தீரும் என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. சம்பந்தம் பேசப் போன வீட்டில் பிடிக்கவில்லை என்றால் காப்பியோடு எழுந்துவிட வேண்டும். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, சம்மதம் என்று பொருள். அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊர் சிரிக்கும். என்னை விட்டுவிட்டுப் போகலாம் என்றார் வீட்டுக்காரர். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. "தாய் உசுரோட இருக்கச்ச, அவ இல்லாம மத்தவங்க கை நனைச்சா பொண்ணுக்கு ஆவாது" என்றார். சாஸ்திரம் எல்லாம் சரியாகப் பார்ப்பார் நாத்தனார். எனக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை வாரி, பூ வைத்து, "அங்க வந்து வாயத் தொறக்காத. கருமம் கிருமம்னு சொல்லித் தொலச்சிடாத" என்று கையில் ஒரு கர்ச்சீப்பைத் திணித்து வேனில் ஏற்றினார்.

டைல்ஸ் போட்ட புது வீடு. வாசலில் மல்லாட்டை, நிலக்கடலைதான், காயப்போட்டிருந்தார்கள். காப்பி வந்தது, குடித்தோம். கூடத்தில் வரிசையாக இலை போட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்தோம், எனக்கு மட்டும் நாற்காலியும் முன்னால் ஒரு முக்காலியும். என் ஒரு பக்கம் நாத்தனார், மறு பக்கம் தரையில் என் மகள். பெண்ணை அழைத்துப் போவது வழக்கமில்லைதான், எனக்குத் துணையாக வந்திருந்தாள். பையன் எதிரே நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

பையனுடைய அம்மா கேசரிப் பாத்திரத்தோடு நின்றுகொண்டே ஆரம்பித்தாள். "எல்லாம் எங்களுக்குத் திருப்திதாங்க. ஒண்ணே ஒண்ணு. அந்தப் பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போறது. ஊர்ல ஒரு மாதிரி பேசறாங்க. கேக்கறவங்களுக்கு நாங்க பிரஷர்னு சொல்லி வெச்சிருக்கோம். அவங்களுக்கும் வயசாச்சு, வாய் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? பேரப்புள்ளைய மடியில வெச்சிக்கினு உக்காந்திருக்கட்டுமே."

"அதுக்கின்னாங்க, நிறுத்திடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நிறுத்திடலாம் இன்னா, நேத்தோட நிறுத்தியாச்சு" என்றார் நாத்தனார்.

நான் என் மகளைப் பார்த்தேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையனைப் பார்த்தேன். அவன் போனிலிருந்து தலையே தூக்கவில்லை. என் நாக்கை என்னைக் கேட்காமல் வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நெய் வாசத்துக்கு நடுவில். இவ்வளவு பேரில் ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

கேசரி பரிமாறினார்கள். என் வலது கை எழும்பாது என்பதால் நான் இலையைத் தொடாததை யாரும் கவனிக்கவில்லை. நாத்தனார் தன் விரலாலேயே என் இலையிலிருந்து ஒரு உருண்டை எடுத்து, என் கன்னத்தை அமுக்கி, வாய்க்குள் திணித்தார். "ஆச்சு, தாயாரே கை நனைச்சாச்சு. எல்லாரும் சாப்புடுங்க" என்று சத்தமாகச் சொன்னார். என் கையே இலையில் படவில்லை, அதற்குள் நனைத்தாச்சாம்!

வாய் முழுக்க நெய்யும் சர்க்கரையும், அவர் நகத்தில் இருந்த மஞ்சள் வாடையும். விழுங்கினால் முடிந்தது. திங்கட்கிழமையும் முடிந்தது, அந்த நாற்காலி, அந்தப் பயிற்சி, எனக்கு வரப்போகிற சொல் எல்லாம் முடிந்தது. துப்பலாம் என்று பார்த்தேன். பாதி உதடு மரத்துப் போனவளுக்குத் துப்பத் தெரியுமா? வலது ஓரத்தில் கொஞ்சம் வழிந்து மோவாயில் இறங்கியது, மீதி உள்ளேயே நின்றது. நாத்தனார் அதைத் துடைத்து மறுபடியும் உள்ளே தள்ள வந்தார்.

நான் என் இடது கை விரலை வாய்க்குள் விட்டேன். கன்னத்து ஓரத்தில் ஒட்டியிருந்ததுவரைக்கும் வழித்து வெளியே எடுத்தேன். எல்லோரும் பார்க்கும்படி இலை நடுவில் தடவினேன். எச்சிலும் கேசரியுமாகக் குழைந்து கிடந்தது. இலையை முக்காலியிலிருந்து தள்ளிவிட்டேன்.

"ச்சீ, இன்னா அசிங்கம் இது!" என்று பையனுடைய அம்மா பின்னால் நகர்ந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"நோயாளிங்க, முழுங்கத் தெரியல" என்று நாத்தனார் இன்னொரு உருண்டை எடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாக ஆட்டினேன். நான் மரமண்டை இல்லை, எல்லாம் தெரிந்துதான் செய்கிறேன் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து ஆட்டினேன்.

பையனுடைய அப்பா ஒரு மூலையில் சும்மா நின்றிருந்தவர், தொண்டையைக் கனைத்தார். "பொண்ணப் பெத்தவங்களுக்கு மனசு இல்லன்னா, மத்தவங்க கை நனைக்கறது மொறையில்லங்க. எலைய எடுங்க" என்றார். அவர் நியாயத்துக்காகச் சொன்னாரா, இந்தச் சம்பந்தத்திலிருந்து கழன்றுகொள்ள வந்த வாய்ப்பை விட வேண்டாம் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. சாஸ்திரம் பார்க்கிற என் நாத்தனார் கையிலிருந்த உருண்டையைத் தன் இலையில் போட்டார். போட்ட சாப்பாடு போட்டபடி இருக்க எல்லோரும் எழுந்தார்கள்.

எல்லோரும் வேனில் ஏறினோம். நாத்தனார் முன் சீட்டில் உட்கார்ந்து, "பொண்ணு வாழ்க்கையில எச்சி துப்பிட்டா" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார். வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். என் மகள் கடைசி சீட்டில் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டு வந்தாள். அது ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவேளை அந்தப் பையனை இவளுக்குப் பிடித்திருந்ததோ? என் வாய்க்காக இவள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனோ? கேட்க வேண்டும். எப்படிக் கேட்பேன்? பாமாயில் என்றா கேட்க முடியும்?

வீட்டுக்கு வந்ததும் அவள் என்னைப் பின்பக்கம் அழைத்துப் போய்க் கல்லில் உட்கார வைத்தாள். சொம்பில் தண்ணீர் எடுத்து என் மோவாயைக் கழுவினாள். காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த கேசரியைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள். நான் இடது கையால் அவள் முகத்தைத் தூக்கினேன். அழுத முகம் வீங்கியிருந்தது.

"அந்த ஆளுக்காக அழுவலம்மா" என்றாள். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே வேணாம்னு சொல்லணும்னு இருந்தேன். இன்னிக்கு எலை முன்னாடி உக்காந்துகினு, சொல்லணும் சொல்லணும்னே இருந்தேன். உனக்கு வாயே இல்ல, நீ கைய விட்டு வழிச்சுப் போட்ட. எனக்கு வாய் நல்லாத்தான இருந்துச்சு? நான் ஏம்மா பேசல?"

மறுநாள் அதே பஸ்ஸில் இருவரும் பாண்டிக்குப் போனோம். நாத்தனார் வாசலில் நின்று ஏதோ சொன்னார். மகள், "அத்த, நீங்க சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். வைத்தியம் முழுதாக முடிந்தது. இன்னும் எனக்குப் பேச்சு தங்குதடையில்லாமல் வருவதில்லை. ஒரு சொல்லுக்குச் சில சமயம் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். கையெழுத்தும் சரியாக வருவதில்லை. அதனால் இதை நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல, அவள்தான் கம்ப்யூட்டரில் டைப் செய்கிறாள். என்னைக் கல்லில் உட்கார வைத்து அவள் அப்படிக் கேட்ட இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். "இது வேணாம்மா, எடுத்துடலாம்" என்றாள்.

"போடு" என்றேன். தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது.